மூன்று கோப்புகளுக்குள் அடங்காத வட்டாரம்

பழைய பிளேஸ்டேஷன் கருவியைப் போல நடித்து அதன் விளையாட்டுகளை ஓட்டும் மென்பொருளான எமுலேட்டரைத் தன் கணினியில் நிறுவும் எவரும் சீக்கிரமே மூன்று கோப்புகளின் முன்னால் வந்து நிற்பார். எஸ்சிபிஎச் 5500, 5501, 5502. முதலாவது ஜப்பானுக்கு, அடுத்தது வட அமெரிக்காவுக்கு, மூன்றாவது ஐரோப்பாவுக்கு. ஒவ்வொன்றும் மிகச் சரியாக 512 கிலோபைட். அசல் கருவியின் மதர்போர்டில் ஒரு சில்லுக்குள் குடியிருந்த பயாஸின் பிரதிகள் இவை; கருவிக்கு உயிர் வந்ததும் முதலில் ஓடுவது இந்த நிரல்தான். வழிகாட்டிகள் இந்த இடத்தை இரண்டே வரியில் கடந்துவிடும்: மூன்றையும் சிஸ்டம் கோப்புறையில் போடுங்கள், பிறகு மறந்துவிடுங்கள். நானும் போட்டேன். மறக்கத்தான் முடியவில்லை. உலகத்தை மூன்றாக அறுத்து மூன்று கோப்புகளில் அடைத்திருக்கிறார்கள் என்றால், தொண்ணூறுகளின் இறுதியில் கோவையில் அத்தை வீட்டுக் கூடத்தில் நாங்கள் விளையாடியது இவற்றில் எதில் சேரும்? சில நாள் அசட்டுக் கேள்வி என்று தள்ளி வைத்தேன். அது தள்ளிப் போவதாக இல்லை.

போடுங்கள், மறந்துவிடுங்கள் என்பதே அவ்வளவு எளிதில்லை என்பது வேறு. பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் தரும் ரெட்ரோஆர்க்கில் இருக்கும் பீட்டில் பிஎஸ்எக்ஸ் என்ற பிளேஸ்டேஷன் எமுலேட்டர் இந்தக் கோப்புகளைப் பெயரை வைத்துத்தான் தேடுகிறது. பெயர் முழுக்கச் சின்ன ஆங்கில எழுத்துகளில் இருக்க வேண்டும். விண்டோஸில் இது ஒரு பொருட்டே இல்லை. ராஸ்பெர்ரி பை போன்ற லினக்ஸ் கருவியில் ஒரே ஒரு பெரிய எழுத்து இருந்தால் போதும், கண்ணெதிரே கிடக்கும் கோப்பைக் காணவில்லை என்று அது சாதிக்கும். பெயரும் அளவும் சரியாக இருந்து உள்ளடக்கம் மட்டும் வேறாக இருப்பது இதைவிடப் பெரிய தொல்லை. கைமாறிக் கைமாறி வரும் கோப்புகளில் யாரோ பழைய 1001 மாடலின் பயாஸுக்கு 5501 என்று பெயர் சூட்டியிருப்பார். பிறகு ஏதாவது இடறினால் பழி எமுலேட்டரின் தலையில் விழும். அதனால்தான் எம்டி5 சோதனை. கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் கணக்கில் எடுத்து 32 குறிகள் கொண்ட ஒரு கைரேகையை அது தரும். சரியான 5502-இன் கைரேகை 32736 என்று தொடங்கும். டக்ஸ்டேஷன் என்ற இன்னொரு எமுலேட்டர் பெயரைப் பார்ப்பதே இல்லை, கைரேகையை மட்டும் பார்க்கிறது. எனக்கு இந்த அணுகுமுறைதான் பிடித்திருக்கிறது. மாடல் எண்ணுக்கு ஒரு கோப்பு என்று சேகரிப்பவர்களுக்கு ஒரு தகவல்: 5501-இல் இருப்பதும் 7003-இல் இருப்பதும் பைட்டுக்குப் பைட் ஒரே பயாஸ்தான்.

இந்தக் கோப்புகளை எங்கே வாங்குவது என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அது சோனியின் பதிப்புரிமை. ஆனால் எமுலேட்டர் என்றாலே கள்ளச்சரக்கு என்று பேசுபவர்களோடும் எனக்கு ஒட்டாது. 1999-இல் கனெக்டிக்ஸ் என்ற நிறுவனம் மேக் கணினியில் பிளேஸ்டேஷன் விளையாட்டுகளை ஓட்டும் மென்பொருளை விற்றபோது சோனி வழக்குத் தொடுத்தது. அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் பயாஸைப் பிரதியெடுத்து, அலசிப் பார்த்து, தங்கள் சொந்த நிரலை எழுதியிருந்தார்கள்; விற்ற பொருளில் சோனியின் நிரல் வரி ஒன்றுகூட இல்லை. ஆராய்வதற்காக இடையில் எடுத்த அந்தப் பிரதி நியாயமான பயன்பாடுதான் என்று அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. வழக்கில் தோற்ற சோனி மறு ஆண்டே அந்த மென்பொருளை விலைக்கு வாங்கி மூடியது. நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஒரு கணினி நிரலை முறையாக வைத்திருப்பவர் இழப்புக்கு எதிரான தற்காலிகப் பாதுகாப்பாக அதைப் பிரதியெடுத்துக்கொள்ள இடம் தருகிறது. எந்தப் பயனுக்காக அந்த நிரல் வழங்கப்பட்டதோ அதற்கு மட்டும் என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனை ஒரு கைப்பேசி வரை நீளுமா என்று வழக்கறிஞர்கள் வாதாடட்டும். என் கோப்பு என் கருவியிலிருந்து வந்தது. மெமரி கார்டில் ஒரு சிறு நிரலை ஏற்றி, பின்னால் இருக்கும் சீரியல் துளையில் கம்பி செருகினால் போதும். கருவியின் நினைவகத்தில் பயாஸ் யார் கேட்டாலும் படிக்கும்படி திறந்தே கிடக்கிறது.

பூட்டு இருக்கும் இடம்

மூன்று கோப்புகளும் கையில் இருக்கும்போது அவற்றை ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியுமா? ஐரோப்பிய விளையாட்டுகள் மெதுவாக ஓடும், அமெரிக்க விளையாட்டுகள் வேகமாக ஓடும் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அந்த வேகம் எந்தக் கோப்பில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடினேன். எங்கேயும் இல்லை. ஜப்பானியக் கோப்பில் மெமரி கார்டு திரை ஜப்பானிய மொழியில் வருகிறது, மற்ற இரண்டிலும் ஆங்கிலத்தில். இப்படிச் சில்லறை வேறுபாடுகள்தான். வினாடிக்கு 50 படமா 60 படமா என்பதை விளையாட்டே கிராபிக்ஸ் சில்லுக்கு ஒரு கட்டளையாக எழுதுகிறது. பயாஸ் அதில் தலையிடுவதே இல்லை.

வேகம் இல்லை, சரி. வேறு வட்டாரத்து வட்டை ஓடவிடாத பூட்டாவது இந்தக் கோப்பில் இருக்கிறதா? அதுவும் பெரும்பாலும் இல்லை. பிளேஸ்டேஷன் வட்டின் உள்விளிம்பில் தடம் நேராகப் போகாமல் மிக நுண்ணிய அளவில் நெளிகிறது. அந்த நெளிவுக்குள் நான்கெழுத்துக் குறி ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார்கள்: ஜப்பானுக்கு எஸ்சிஇஐ, அமெரிக்காவுக்கு எஸ்சிஇஏ, ஐரோப்பாவுக்கு எஸ்சிஇஇ. வீட்டில் சிடி எழுதும் டிரைவால் இந்த நெளிவை உண்டாக்க முடியாது. அதைப் படித்துச் சரிபார்ப்பது சிடி பகுதியைக் கவனிக்கும் தனிச் சில்லு. பர்மா பஜார் முதல் காந்திபுரம் வரை ரிப்பேர் கடைகளில் பற்றவைத்துக் கொடுத்த மோட் சிப் என்ற சிறு சில்லு செய்த வேலை, அந்த நான்கெழுத்தை ஓயாமல் ஓதிக்கொண்டே இருந்ததுதான். சில மாடல்களில் மட்டும், குறிப்பாக ஜப்பானின் பிற்கால மாடல்களில், பயாஸும் சேர்ந்து, வட்டில் இருக்கும் உரிம வாசகத்தைச் சோதிக்கிறது. அந்த உரிம வாசகத்தைத் திறந்து பார்த்தால் அமெரிக்கா, ஐரோப்பா என்ற சொற்களின் நடுவே காரணமே இல்லாமல் வெற்றிடம் விழுந்திருக்கும். கோடிக்கணக்கான வட்டுகளில் அப்படியே அச்சாகிப் போயிருக்கிறது, ஒருவரும் திருத்தவில்லை.

இதற்கு நேர்மாறான கருவியும் உண்டு. சேகாவின் மெகா சிடியில் வட்டாரப் பூட்டு உண்மையிலேயே பயாஸுக்குள்தான் இருந்தது. வட்டின் தொடக்கத்தில் இருக்கும் நிரல் துண்டு வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு. பயாஸ் அதைத் தன்னிடம் இருப்பதோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் நகராது. அங்கே 128 கிலோபைட் கோப்பு ஒவ்வொன்றும் மெய்யான காவலாளி. அதை மீறி உள்ளே போனாலும் வட்டார வேறுபாடு தீர்வதில்லை. 1993-இல் வந்த சோனிக் சிடி என்ற விளையாட்டுக்கு ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் ஒரு இசை, அமெரிக்காவில் முற்றிலும் வேறு இசை. எந்தப் பயாஸைப் போட்டாலும் வட்டில் பதிவான பாட்டுதான் ஒலிக்கும். எது அசல் என்று இன்றுவரை சண்டை போடுகிறார்கள். எந்த ஊரில் பத்து வயதாக இருந்தோமோ அந்த ஊர் இசைதான் அவரவருக்கு அசல், வேறென்ன.

ஐம்பதா அறுபதா

ஐரோப்பாவும் இந்தியாவும் பிஏஎல் முறை டிவி நாடுகள். 1982-இல் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியபோது நாம் தேர்ந்தது அதுதான். 625 கோடுகள், வினாடிக்கு 50 புலங்கள் (திரையை ஒருமுறை மேலிருந்து கீழே வரைவது ஒரு புலம்), சுவரில் வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தோடு ஒத்துப்போகும் கணக்கு. ஜப்பானும் அமெரிக்காவும் என்டிஎஸ்சி முறை: 525 கோடுகள், 60 புலங்கள். ஜப்பானில் எழுதிய விளையாட்டு ஒவ்வொரு புலத்துக்கும் ஓரடி முன்னே வைப்பதாக இருந்தால், அதை அப்படியே ஐரோப்பாவுக்கு அனுப்பும்போது வினாடிக்குப் பத்து அடி குறைந்துவிடும். ஏறத்தாழ 17 விழுக்காடு மந்தம். கூடுதலாகக் கிடைத்த கோடுகளை நிரப்ப எதுவும் இல்லாததால் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள். புலத்தோடு கட்டப்பட்ட இசையும் சேர்ந்து தொய்யும். வட்டில் பாட்டாகவே பதிவானது மட்டும் தன் வேகத்தில் ஓடும். சிரத்தையான நிறுவனங்கள் வேகத்தைச் சரிசெய்து, பட்டைகளை நீக்கி வெளியிட்டன. சிரத்தை எல்லா இடத்திலும் கிடைக்கும் பொருளா?

ஆகவே எமுலேட்டர் உலகத்தில் எல்லாரும் ஒருமனதாக ஒப்புக்கொள்ளும் அறிவுரை ஒன்று இருக்கிறது: அமெரிக்கப் பதிப்பையே ஓட்டுங்கள், ஐரோப்பியப் பதிப்பை மறந்துவிடுங்கள். சோனியே இதை மறந்துபோனதுதான் வேடிக்கை. 2018 டிசம்பரில் வந்த பிளேஸ்டேஷன் கிளாசிக் என்ற சிறு பெட்டியில் 20 விளையாட்டுகள் இருந்தன. அவற்றில் 9 ஐரோப்பியப் பதிப்புகள். அமெரிக்காவில் வாங்கியவர்களும் தங்கள் 60 ஹெர்ட்ஸ் டிவியில் டெக்கன் 3-ஐ 50 ஹெர்ட்ஸ் பதிப்பில் விளையாட வேண்டியிருந்தது. சண்டை விளையாட்டில் இதைவிடக் கொடுமை வேண்டியதில்லை. பல மொழி மெனுக்கள் ஐரோப்பியப் பதிப்புகளில் இருப்பதால் அப்படிச் செய்திருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். உள்ளே ஓடிய எமுலேட்டர் ஆர்வலர்கள் எழுதித் திறந்த மூலமாக வெளியிட்ட பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்ட். எமுலேட்டர் எழுதியவர்களை நீதிமன்றத்துக்கு இழுத்த நிறுவனம், பிற்காலத்தில் அவர்களுடைய இனத்து எமுலேட்டரையே பெட்டிக்குள் வைத்து விற்றது. இதைப் பற்றி நான் தனியாக எரிச்சல்பட வேண்டும்; இன்னொரு நாள்.

கோவையில் ஓடியது

நானும் அறிவுரையைக் கேட்டு 5501-ஐயும் அமெரிக்கப் பதிப்பையும் இணைத்து ஓட்டினேன். கார் பந்தய விளையாட்டு. அத்தை வீட்டில் கோடை விடுமுறை முழுக்க ஓட்டியது. குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கை ஒப்பவில்லை. எந்த வளைவில் எப்போது பிரேக் என்று விரல் வைத்திருந்த கணக்குக்கும் திரைக்கும் ஒரு இழை விலகல் இருந்தது. வயதாகிவிட்டது என்று விடலாம். ஐரோப்பியப் பதிப்பை 5502-இல் ஓட்டிப் பார்த்தேன். அது நத்தை. நாங்கள் ஓட்டியது இதுவும் இல்லை என்பது முதல் சுற்றிலேயே தெரிந்தது. மச்சானைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டேன். அவருக்கு வேகமெல்லாம் நினைவில்லை. "கறுப்பு வெள்ளையில் வந்ததே, அது நினைவிருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்டார்.

அது எப்படி எனக்கு மறந்தது என்று தெரியவில்லை. மாமா அப்போதுதான் 21 அங்குல வண்ண டிவி வாங்கியிருந்தார். மச்சான் மோட் சிப் பொருத்திய பிளேஸ்டேஷனைக் கொண்டுவந்து செருகினார். படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. நாங்கள் ஏதோ பெரிய பழுதைச் செய்துவிட்டோம் என்று மாமா மெக்கானிக்கை வரவழைத்தார். மெக்கானிக் சன் டிவியை வைத்தார், நிறம் பளிச்சென்று வந்தது. விளையாட்டை வைத்தார், நிறம் போயிற்று. இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, "சாமான் வெளிநாட்டுது, டிவிமேல் தப்பில்லைங்க" என்று சொல்லி ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்தக் கோடை முழுவதும் கறுப்பு வெள்ளையில்தான் ஓட்டினோம். மாமாவுக்குத்தான் மனம் ஆறவில்லை. வண்ண டிவிக்குக் கொடுத்த பணத்தை அடிக்கடி நினைவூட்டுவார்.

மெக்கானிக் சொன்னது சரி. அதற்கான கணக்கு இப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அந்தக் கருவியின் அடியில் ஒட்டியிருந்த எண் 5502, ஐரோப்பியக் கருவி. கடையில் எழுதித் தந்த வட்டு அமெரிக்கப் பதிப்பு. ஐரோப்பியக் கருவியின் கிராபிக்ஸ் கடிகாரம் 53.203 மெகாஹெர்ட்ஸில் துடிக்கிறது, அமெரிக்கக் கருவியினுடையது 53.693. டிவிக்கு நிறத்தைச் சொல்லும் துணை அலையை அந்தக் காலத்து மாடல்கள் இந்தத் துடிப்பை வகுத்தே உண்டாக்கின: பிஏஎல் என்றால் 12-ஆல், என்டிஎஸ்சி என்றால் 15-ஆல். 53.203-ஐ 12-ஆல் வகுத்தால் 4.43, பிஏஎல் டிவி எதிர்பார்க்கும் எண். 53.693-ஐ 15-ஆல் வகுத்தால் 3.58, அமெரிக்க டிவி எதிர்பார்க்கும் எண். எங்கள் வட்டு, என்டிஎஸ்சி முறைக்குப் போ என்று கட்டளையிட்டது. கருவி கீழ்ப்படிந்து, தன்னிடம் இருந்த 53.203-ஐ 15-ஆல் வகுத்தது. கிடைத்தது 3.547. உலகில் எந்த டிவியும் எதிர்பார்க்காத எண். மாமாவின் டிவி அதில் நிறத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் வெறும் வெளிச்சத்தை மட்டும் காட்டியது. படம் உருளாமல் நின்றதே அந்த டிவியின் பெருந்தன்மை.

அதே துடிப்புதான் வேகத்தையும் தீர்மானிக்கிறது. அமெரிக்கக் கருவியில் அமெரிக்க விளையாட்டு வினாடிக்குச் சுமார் 59.8 படம். ஐரோப்பியக் கருவியில் ஐரோப்பிய விளையாட்டு 49.75. ஐரோப்பியக் கருவியில் அமெரிக்க விளையாட்டு, 59.3. சரியான வேகத்தைவிட ஒரு விழுக்காட்டுக்குச் சற்றே குறைவு. ஒலிச் சில்லுக்கு வேறு கடிகாரம் என்பதால் வட்டிலிருந்து வரும் பாட்டு மாறாமல் ஓடும். ஓட்டம் மட்டும் ஒரு இழை பின்தங்கும். ஒரு விழுக்காட்டை விரல் உணருமா என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. மூன்று நிமிடச் சுற்றில் அது ஏறத்தாழ இரண்டு வினாடி என்பது மட்டும் கணக்கு. யாரும் திட்டமிடாத வேகம் அது. சோனியின் எந்த அலுவலகமும் அதற்கு ஒப்புதல் தரவில்லை, எந்த விளையாட்டு நிறுவனமும் அதில் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் ஐரோப்பியக் கருவியும் அமெரிக்க வட்டும் மோட் சிப்பும் கூடிய வீடுகளில் எல்லாம் அந்த வேகம்தான் ஓடியது.

இதற்குப் பிறகு மூன்று கோப்புகளையும் பற்றிய என் எண்ணம் மாறிவிட்டது. வட்டுக்குப் பொருந்தும் பயாஸைத் தானே தேர்ந்துகொள்வது எமுலேட்டரின் இயல்பு. வட்டில் எஸ்எல்யுஎஸ் என்று வரிசை எண் தொடங்கினால் 5501, எஸ்எல்இஎஸ் என்றால் 5502, எஸ்எல்பிஎஸ் என்றால் 5500. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது காட்டுவது, ஒவ்வொருவரும் தன் நாட்டுக் கருவியைத் தன் நாட்டுக் கடையில் வாங்கி, தன் நாட்டு வட்டையே போட்டு ஓட்டிய ஒரு உலகத்தை. அப்படிப்பட்ட நாடுகள் இருந்தன. நம் நாடு அதில் இல்லை. சரியான கோப்பு, சரியான கைரேகை என்று தேடி அலைபவர்கள் கடைசியில் அடைவது அசல் அனுபவம் என்று சொல்லும்போது, யாருடைய அசல் என்று கேட்கத் தோன்றுகிறது.

இப்படிப் பட்டியலுக்கு வெளியே கிடந்த வட்டாரம் ஒன்று எமுலேட்டருக்குள் இடம் பிடித்ததும் உண்டு. நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற கேசட் விளையாட்டுக் கருவியை நகலெடுத்து 1992-இல் ரஷ்யாவில் டெண்டி என்ற பெயரில் விற்றார்கள். தைவானின் யூஎம்சி செய்த சில்லுகள். 50 ஹெர்ட்ஸ் டிவியில் ஓட வேண்டும், ஜப்பானிய கேசட்டும் ஓட வேண்டும். அதற்காக அதிகாரபூர்வ பிஏஎல் கருவியின் கணக்கை விட்டுவிட்டு, பிராசசர் வேகத்தை ஜப்பானியக் கருவிக்கு அருகிலேயே வைத்து, கூடுதல் கோடுகளில் மட்டும் நேரத்தைக் கழிக்கும்படி அமைத்தார்கள். இன்று மெசன் எமுலேட்டரில் வட்டாரப் பட்டியலைத் திறந்தால் என்டிஎஸ்சி, பிஏஎல் என்பவற்றோடு டெண்டி என்றும் இருக்கும். விளையாடி வளர்ந்தவர்கள் சில்லை அளந்து, எழுதி வைத்ததால் கிடைத்த இடம். நம் ஊர்க் கேசட் கருவிகளும் ஃபேமிகாம் நகல்களே. அவற்றை யாரும் அளந்து எழுதியதாக என் கண்ணில் படவில்லை. பரணில் வைத்திருப்பவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், திறந்து பார்க்கலாம்.

கோவை வேகம் வேண்டுவோருக்கு: டக்ஸ்டேஷனில் கருவியின் வட்டாரத்தைத் தானியங்கித் தேர்விலிருந்து எடுத்து பிஏஎல் என்று கையால் வையுங்கள். பயாஸ் 5502. வட்டு அமெரிக்கப் பதிப்பு. வட்டாரச் சோதனை என்ற அமைப்பு அணைந்தே இருக்கட்டும். உங்கள் மோட் சிப் அதுதான். படங்களின் எண்ணிக்கை 59.3 அருகே நிற்கும். நிறம் மட்டும் ஒழுங்காக வந்துவிடும், எமுலேட்டர் அந்த 3.547-ஐப் பின்பற்றுவதில்லை. வேண்டுமானால் படத்தின் நிறத்தை மாற்றும் ஷேடரில் கறுப்பு வெள்ளையைப் போட்டுக்கொள்ளலாம். நான் போடவில்லை. அந்தக் கோடையில் நாங்கள் வெள்ளைக் கார் என்று அழைத்து, யார் ஓட்டுவது என்று அடித்துக்கொண்ட கார் உண்மையில் மஞ்சள் நிறம். படம் எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன். எமுலேட்டரில் ஏதோ கோளாறு, நல்ல பயாஸாகப் பார்த்துப் போடு என்று பதில் அனுப்பியிருக்கிறார்.